ஆச்சி போகிற ஊர்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கு இரண்டு பட்டம். ஆனியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் அறுவடையாகிற கார் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நட்டு மாசியிலும் பங்குனியிலும் அறுக்கிற பிசானம் இன்னொன்று. பிசான நெல் களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த பிறகு வயல் சும்மா கிடக்கும். அடுத்த நாற்றங்காலுக்கு நாள் இருக்கும். பத்தாயத்தில் நெல் இருக்கும், கைக்கு வேலை இருக்காது. திருநெல்வேலிச் சீமையின் சாமிகள் பலவும் இந்த இடைவெளி பார்த்துத்தான் தங்கள் விழாவை வைத்துக்கொண்டிருக்கின்றன. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில். சித்திரை ஒன்றாம் தேதி விசுக்கனி. அதற்குப் பின்னால் ஊர் ஊராக அம்மன் கொடை. ஆடி வரைக்கும் கொட்டுச் சத்தம் எங்கேயாவது கேட்டுக்கொண்டே இருக்கும்.

இளவேனில் என்று பாடப்புத்தகம் சொல்கிற இந்தக் காலத்துக்கு ஆச்சியிடம் தனிப்பெயர் எதுவும் இல்லை. வேம்பு பூத்தால் பெட்டியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் மகன் வீட்டில் இருக்கிற இப்போதும் குடியிருப்பின் மதில் ஓரத்து வேம்பைத்தான் மாசி பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பூ உதிர ஆரம்பித்ததும் பழைய சேலை ஒன்றை மரத்தடியில் விரித்துவிடுவாள். விழுந்த பூவைத் தூசி தட்டி, காம்பு நீக்கி, வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைப்பாள். ரசத்துக்கு ஒரு பங்கு, வருடப் பிறப்புப் பச்சடிக்கு ஒரு பங்கு, கோவில்பட்டியில் இருக்கிற மகளுக்கு ஒரு பங்கு. டப்பா நிறைந்தால் பயணப் பேச்சு தொடங்கும். முதலில் கோவில்பட்டி. அங்கிருந்து அம்பாசமுத்திரம் பக்கத்தில் தாத்தாவின் ஊர். பிறகு சாஸ்தா கோயில். கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில் அவள் பிறந்த ஊர். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

உறவு வீடுகளுக்குப் போவதற்கென்று ஆச்சியிடம் சில முறைமைகள் இருக்கின்றன. எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது. கொண்டுபோவது கடையில் வாங்கியதாகவும் இருக்கக் கூடாது. மோர்மிளகாய், கூழ்வத்தல், வேப்பம்பூ என்று கை வேலை தெரிகிற பொருளாக இருக்க வேண்டும். மகள் வீடே ஆனாலும் அடுக்களையில் தானாக ஒரு டப்பாவைத் திறக்க மாட்டாள். சீனி வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்வாள். வீட்டில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிய பிறகுதான் குளிப்பாள். சம்பந்தியம்மாளை ஒரு நடை போய்ப் பார்க்காமல் அந்த ஊரை விட்டுப் புறப்பட மாட்டாள். அங்கே போனால் தன் மகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டாள், பெருமையும் பேச மாட்டாள். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நோட்டு எல்லாருக்கும் ஒரே மதிப்புள்ளதாக இருக்கும். இந்த ஒழுங்கை அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அறுபது வருடமாக மற்றவர்கள் வீட்டில் இருந்து பழகிய ஒருத்திக்குத் தானாக வந்த பழக்கம் அது. மாமியார் வீடு, கணவன் வீடு, மகன் வீடு, மகள் வீடு. எந்த வீட்டிலும் அவளுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் அவள் சற்று நிமிர்ந்தேதான் உட்கார்ந்திருப்பாள். சுவரில் சாய்வதற்கு முன் ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்வாள்.

சாஸ்தா கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மாவட்டத்தார் எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் குலசாமியான சாஸ்தாவிடம் வந்து நிற்க வேண்டும் என்பது பழைய வழக்கம். குளத்தங்கரை, ஆற்றங்கரை, காடு, தேரி என்று மனிதர் அதிகம் புழங்காத இடங்களில் இருக்கிற சாஸ்தாக்கள் அவர்கள். திருச்செந்தூர் பக்கம் மேலப்புதுக்குடியில் இருக்கிற அருஞ்சுனை காத்த அய்யனாரைப் போலப் பேர்பெற்றவர்களும் உண்டு. சுற்றுச்சுவர்கூட இல்லாமல் மரத்தடியில் இருப்பவர்களும் உண்டு. அன்றைக்கு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வருடம் முழுவதும் பறவை மட்டும் இருக்கிற இடத்தில் வேனும் காரும் வந்து நிற்கும், கல் கூட்டி அடுப்பு எரியும், பம்பாயிலிருந்து வந்த சித்தப்பாவும் ஊரிலேயே இருக்கிற பெரியப்பாவும் ஒரே இலைக்கட்டைப் பிரிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த நாள் அது. ஆச்சிக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சாஸ்தா அவள் பிறந்த வீட்டுச் சாஸ்தா இல்லை. கல்யாணமானால் பெண்ணுக்குச் சாஸ்தா மாறிவிடும் என்பது பொதுவான வழக்கம். அவள் சிறுமியாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து கும்பிட்ட சாமி வேறொரு குளக்கரையில் இருக்கிறது. அதே நாளில், அதே உச்சிப்பொழுதில் அங்கேயும் பொங்கல் பொங்கிக்கொண்டிருக்கும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. கணவன் வீட்டுச் சாமிக்கு முன்னால் நின்று அவள் கும்பிடுவது எந்தச் சாமியை என்று நான் கேட்டதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஊர் மாறி வாழ்வதற்குப் பெண்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் திருமணத்துக்கு. வேலைக்காக ஊர் மாறிய ஆண்களைப் பற்றி நம்மிடம் பாட்டு இருக்கிறது, படம் இருக்கிறது. கல்யாணத்துக்காக ஊர் மாறிய பெண்களை நாம் ஊர் மாறியவர்களாகவே நினைப்பதில்லை. அது நடக்க வேண்டியது, நடந்தது. அப்படிப் போனவர்களுக்குப் பிறந்த ஊரில் பிடிமானம் என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. தமிழ்நாடு 1989இல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை அந்தத் திருத்தம் சேர்க்கவில்லை. ஆச்சி அதற்கெல்லாம் வெகு முன்பே கழுத்தை நீட்டியவள். பிறந்த ஊரில் அவள் பேரில் ஒரு சென்ட் கிடையாது. கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிறபோது அந்த ஊர் நோட்டில் அவள் பேர் வராது. வரி கொடுக்கிற வீட்டில் அண்ணன் மகன் பேர்தான் இருக்கும்.

ஆனால் கொடைக்கு அவள் வராமல் இருக்கக் கூடாது. இதுதான் அம்மன் கொடையின் அழகு என்று நினைக்கிறேன். சாஸ்தா ஆண்வழியில் ஆட்களைச் சேர்க்கிறார். அம்மன் தன் ஊரில் பிறந்த பெண்களைக் கூப்பிடுகிறாள். கொடைச் செவ்வாய்க்கு முந்தின நாளே கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கிவிடுவார்கள். பந்தலில் வில்லுப்பாட்டு நடக்கும். முளைப்பாரி வரும். சாமி ஆடி வருகிறவர் குடத்துத் தண்ணீரும் வேப்பங்குலையுமாகத் தெருத்தெருவாகப் போவார். தூங்காத குழந்தைகள் மணல்மேட்டில் புரளும். இவ்வளவும் நடக்கிற நேரத்தில் ஆச்சியைக் கோயிலில் தேடினால் கிடைக்க மாட்டாள். மேலத்தெருவில் அவளுடைய சேக்காளி வீட்டுத் திண்ணையில் இருப்பாள்.

அந்தத் திண்ணையை ஒரு முறை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஆச்சி தெருவில் வருவதைப் பார்த்தும் அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நெற்றியில் வைத்துக் கண்ணை இடுக்கினாள்.

“வந்துட்டியாட்டி? இந்த வருஷம் செத்துருப்பேன்னுல்லா நெனச்சேன்.”

“ஒன்னைய விட்டுட்டு எப்படிளா போவேன்? வழி தெரியாதுல்லா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பல் இல்லாத வாயைக் கையால் மறைக்காமல் ஆச்சி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். திண்ணையில் ஏறியதும் முதல் வேலையாகச் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. அந்த அம்மாள் ஆச்சியின் பையை இழுத்து, கேட்காமலே திறந்து, துணிகளுக்குக் கீழே கைவிட்டு வெற்றிலைப் பையை எடுத்தாள். அதில் பாக்கு சரியில்லை என்று திட்டிவிட்டுத் தன் பாக்கையே எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு அதே பையிலிருந்து மோர்மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒன்றைக் கடித்துப் பார்த்து, உப்புக் கூடிப்போச்சு என்றாள். அது கோவில்பட்டிக்கும் சென்னைக்கும் மாற்றிமாற்றிக் கொடுத்ததில் மிச்சமான பொட்டலம். எங்கள் வீடுகளில் யாரும் அந்த மோர்மிளகாயை இதுவரை குறை சொன்னதில்லை. ஆச்சியைப் பார்த்தேன். குறை கேட்டுச் சந்தோஷப்படுகிற முகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

திருக்குறளில் நட்புக்கு ஓர் அதிகாரம் வைத்த பிறகும் திருப்தியடையாமல் வள்ளுவர் பழைமை என்று 81ஆவது அதிகாரத்தைத் தனியாக வைத்திருக்கிறார். நாள்பட்ட நட்பில் ஒருவர் கேளாமலே உரிமையோடு ஒன்றைச் செய்தால் அதைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்காமல் விரும்பி ஏற்க வேண்டும் என்பது அங்கே வருகிற விஷயம். பையைத் திறந்து கைவிட்ட அந்த நிமிஷத்துக்கு அதைவிட நல்ல உரை கிடையாது. எந்த வீட்டிலும் டப்பாவைத் திறக்காத ஒருத்தி, தன் பையைத் திறக்க ஒருத்தியை விட்டு வைத்திருக்கிறாள்.

இவர்கள் சேக்காளிகளானது பீடித்தட்டில். அந்தப் பக்கத்தில் அம்மன் கோயில் இல்லாத தெருகூட இருக்கலாம், பீடி சுற்றாத தெரு இருக்காது. மடியில் தட்டு, தட்டில் நனைத்து வைத்த இலை, தூள், நூல்கண்டு, இலையை அளவு பார்த்து வெட்டக் கத்தரி. எந்த வீட்டுத் திண்ணையில் நிழல் இருக்கிறதோ அங்கே தெருப் பெண்கள் எல்லாம் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கைக்கு ஓயாத வேலை, வாய்க்கு முழு விடுதலை. சிறுமிகளாகப் பத்து வயதில் உட்கார்ந்தவர்கள் கல்யாணம் நிச்சயமாகும் வரை அந்தத் திண்ணையில்தான் வளர்ந்தார்கள். பீடிக் கடையில் போட்ட கூலி வீட்டுக்குப் போனது. கழித்துத் தள்ளியதுபோக மிச்சக் காசில் வளையலும் கொட்டகைச் சினிமாவும். 1961இல் பாசமலர் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போனதில் முதலில் அழ ஆரம்பித்தது யார் என்பதில் இரண்டு பேருக்கும் இன்றுவரை வழக்கு இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த அன்றும் அது விசாரணைக்கு வந்தது, தீர்ப்பில்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அப்போதுதான் ஆச்சியின் வலது கையைக் கவனித்தேன். மடியில் கிடந்த கையில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்தன. மேல்நோக்கி ஓர் உருட்டு, நுனியில் ஒரு மடிப்பு, நூல் சுற்றுவதுபோல் ஒரு சுழற்சி. தட்டு இல்லை, இலை இல்லை. பீடி சுற்றுவதை அவள் விட்டு எத்தனையோ வருடம். சென்னையில் எங்கள் வீட்டில் அந்த விரல்கள் இப்படி அசைந்து நான் கண்டதே இல்லை.

நம் இலக்கியம் நட்பைக் கொண்டாடியிருக்கிறது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் பாராமலே நண்பர்கள். பாரி போன பிறகு கபிலர் அவன் பெண்களுக்காக ஊர் ஊராக நடந்தார். ஔவைக்கும் அதியமானுக்கும் இடையில் இருந்ததும் நட்புதான். இரண்டு பெண்களின் நட்பு என்று தேடினால் அகப்பாட்டுத் தோழியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவள் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். தலைவிக்காகப் பேசுகிறாள், பொய் சொல்கிறாள், தலைவனை விரட்டுகிறாள், வழி சொல்லி அனுப்புகிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது. தலைவி உடன்போன பிறகு ஊரில் தங்கிவிட்ட தோழிக்கு என்ன ஆனது, பிறகு எப்போதாவது இருவரும் பார்த்துக்கொண்டார்களா, இதையெல்லாம் யாரும் பாடிவைக்கவில்லை. தோழியரின் முதுமையைப் பற்றி நம்மிடம் பாட்டில்லாதது எனக்கு ஒரு பெரிய குறையாகத் தெரிகிறது. மேலத்தெருத் திண்ணையில் அந்தப் பாட்டின் கடைசிப் பகுதி வருடம்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

கூட்டம் குறைந்துகொண்டும் வருகிறது. கொடைக்குப் போய் இறங்கியதும் ஆச்சியின் முதல் கேள்வி, “யாரு இல்ல?” பெயர்கள் சொல்லப்படும். இவள் “ச்சே” என்பாள், அல்லது “நல்ல சாவுதான்” என்பாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். பீடித்தட்டோடு உட்கார்ந்தவர்களில் இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்திக்குக் காது கேட்காது. அவளுக்காக மற்ற இருவரும் கத்திப் பேசுவதில் அறுபது வருடத்துக்கு முந்தைய ரகசியங்கள் தெருவுக்கே தெரிந்துபோகின்றன. மூவருமே கணவனை இழந்தவர்கள். கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டைத் தொடலாமா என்று தயங்கிப் பின்வரிசைக்கு நகர்கிற பெண்கள் இவர்கள். அந்தத் தயக்கத்தை நம் வீடுகள்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தன, அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. திண்ணையில் அந்தத் தயக்கம் இல்லை. ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்க்கிறாள். படித்துறையில் ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிடுகிறாள். பதநீர்க்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஓலைப்பட்டை பிடித்து ஆளுக்கொன்று குடிக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறது குடிக்கக் கூடாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

சென்னையிலும் ஆச்சி சும்மா இருந்துவிடவில்லை. மேல்மாடியில் ஒரு தெலுங்குப் பாட்டியம்மா இருக்கிறார். அவருக்குத் தமிழ் பாதி, ஆச்சிக்குத் தெலுங்கு ஒன்றும் கிடையாது. மாசிக் கடைசியில் மொட்டைமாடியில் இவள் கூழ்வத்தல் பிழிந்தால் அவர் பக்கத்தில் வடியம் வைக்கிறார். காக்காய் விரட்ட ஒரே குடை, இரண்டு பேரும் முறை வைத்துக்கொள்கிறார்கள். இருவர் பேச்சிலும் பாதிக்கு மேல் கை ஜாடை. மகன்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது மட்டும் ஜாடையிலேயே தெளிவாகத் தெரியும். வயதான பிறகு புதுச் சிநேகம் வராது என்று சொல்கிறவர்கள் அந்த மொட்டைமாடியை வந்து பார்க்க வேண்டும். ஆனால் அங்கேயும் ஆச்சி ‘இன்னார் வீட்டுப் பாட்டி’ என்றுதான் அறியப்படுகிறாள். இன்னாரின் அம்மா, இன்னாரின் பாட்டி. அவள் சிறுமியாக இருந்ததற்கு அந்தக் கட்டடத்தில் சாட்சி இல்லை. அந்தச் சாட்சிகள் மேலத்தெருவில் இருக்கிறார்கள். குளத்தில் முங்கி மூச்சடக்கிப் பையன்களைத் தோற்கடித்தவள், வாத்தியார் பிரம்பை ஒளித்துவைத்தவள், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதவள் என்று சொல்ல அவர்களால்தான் முடியும். என் அப்பாவுக்கே இதில் ஒன்றும் தெரியாது. அவர் பார்க்கத் தொடங்கியபோது அவள் ஏற்கெனவே அம்மாவாகிவிட்டாள்.

வயதானவர்களுக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டியது என்ன என்று நாட்டில் சட்டமே இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டம் அது. பராமரிப்பு என்றால் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவக் கவனிப்பும் சிகிச்சையும் என்று வரிசை போடுகிறது. இன்னோரிடத்தில், அவர்கள் இயல்பான வாழ்க்கை வாழ்வதற்குத் தேவையானதைச் செய்வதும் பிள்ளைகளின் கடமை என்கிறது. வரிசையில் உள்ள நான்கையும் நல்ல பிள்ளைகள் குறைவில்லாமல் செய்துவிடுகிறார்கள். மாத்திரை டப்பாவில் திங்கள் செவ்வாய் என்று அறை பிரித்து வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்கு எண்ணெய், கண்ணுக்குச் சொட்டு மருந்து, தனி அறை, அறைக்குள்ளேயே கழிப்பறை, தொலைக்காட்சி. ஆனால் அந்த இயல்பான வாழ்க்கை என்பது எது? அதை முடிவு செய்கிற இடத்தில்தான் பிள்ளைகள் தங்களையே நடுவில் வைத்துக்கொள்கிறார்கள். அம்மா எங்களோடு இருக்கிறாள், அவளுக்கு என்ன குறை என்று சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்த அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாத பெண் ஒருத்தி அதே உடம்பில் இருக்கிறாள். அவளுக்கு வேண்டியது அந்த வீட்டில் எந்த அறையிலும் கிடையாது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றுவரை நடந்துவருகிற ஓர் ஆய்வைப் பற்றிப் பலரும் படித்திருப்பார்கள். முதுமையில் உடம்பும் மனசும் நலமாக இருப்பதற்கு நல்ல உறவுகள் எவ்வளவு முக்கியம் என்று அது சொல்கிறது. அந்த ஆய்வு ஆண்களை மட்டும் வைத்துத்தான் தொடங்கியது. பெண்கள் பின்னால்தான் வந்தார்கள். மேலத்தெருவில் அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் சீக்கிரம் தெரிந்திருக்கும்.

கைபேசி இருக்கிறதே, வீடியோவில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பேசிப் பார்த்தார்கள். பேரன் பிடித்துக்கொண்டிருக்கிற கைபேசியில் இரண்டு பேரும் நல்லாருக்கியா, நல்லாருக்கேன், சாப்ட்டியா, சாப்ட்டேன் என்று சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தபடி விழித்தார்கள். அவர்கள் சிநேகத்தில் பேச்சு கொஞ்சம். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் தெருவைப் பார்ப்பதுதான் பெரும்பகுதி. அதைக் கைபேசியில் செய்ய முடியவில்லை.

ஆகவே போக வேண்டியிருக்கிறது. போவது வர வரச் சிரமமாகவும் இருக்கிறது. ரயிலில் 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். தொற்றுக்காலம் போயிற்று, சலுகை திரும்பவில்லை. மகன் கையை எதிர்பாராமல் தன் சுருக்குப்பையிலிருந்தே டிக்கெட்டுக்கு எடுத்துக் கொடுத்த எத்தனை பாட்டிகளின் பயணம் இதனால் நின்றிருக்கும் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது. மறுபக்கம், 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தாத்தா ஊரிலிருந்து பிறந்த ஊருக்கு ஆச்சி இப்போது அந்தப் பேருந்தில்தான் போகிறாள். அதைப் பற்றி வேலைக்குப் போகிற பெண்கள், மிச்சமாகும் பணம் என்றுதான் பேசுகிறோம். அது பேச வேண்டியதும்தான். எனக்கு அந்தப் பேருந்தில் வேறொன்றும் தெரிகிறது. காரணம் சொல்லாமல் ஏறி உட்காரலாம். ஆஸ்பத்திரிக்கா, ரேஷனுக்கா, பேரனைப் பார்க்கவா என்று யாரும் கேட்பதற்கில்லை, கேட்டுக் காசு கொடுக்கிற ஆளும் இல்லை. சேக்காளியைப் பார்க்க என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கிழவி பேருந்து ஏற இந்த நாட்டில் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

முழங்கால் வலி கூடியபோது எங்கள் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. அவ்வளவு தூரம் எதற்கு, வேண்டுமானால் அந்த அம்மாளை இங்கே ஒரு வாரம் கூட்டிவந்துவிடலாம் என்று அத்தை சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆச்சி அதற்குக் கொடுத்த பதில் எனக்குள் தங்கிவிட்டது. “அவ இங்க வந்தா உங்க வீட்டு விருந்தாளியால்லா இருப்பா. அவகிட்ட நான் என்னத்தப் பேச?”

அந்தப் பதிலைப் பல நாள் யோசித்தேன். ஆச்சிக்கு வேண்டியது அந்த அம்மாள் மட்டுமல்ல, அந்தத் திண்ணையும் அந்தத் தெருவும் சேர்ந்து உண்டாக்குகிற தன்னுடைய பழைய ஆள். எங்களோடு இருக்கும்போது அவள் எங்கள் ஆச்சி. நாங்கள் பிறந்ததிலிருந்து தொடங்குகிறவள். நாம் நேசிக்கிற ஒருவருடைய வாழ்க்கையில் நமக்குப் பங்கில்லாத பகுதிதான் பெரிது. அம்மாவிடத்திலும் ஆச்சியிடத்திலும் இதை ஒப்புக்கொள்வது மற்ற யாரிடத்திலும் ஒப்புக்கொள்வதைவிடக் கஷ்டம். நமக்கு அவர்கள் முழுசாகக் கிடைத்தார்கள் என்றே நம்பி வளர்ந்திருக்கிறோம். நமக்குக் கிடைத்தது ஒரு பங்கு. மீதிப் பங்கு இருக்கிற இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டு, திண்ணையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, அவர்கள் நம்மை மறந்து சிரிப்பதைப் பார்க்கச் சம்மதிப்பது பாசத்தின் முதிர்ந்த நிலை என்று இப்போது நம்புகிறேன். சோறும் மருந்தும் கொடுப்பதற்கு நல்ல மனசு போதும். இதற்கு நாம் அவர்களுக்கு எல்லாமும் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனவே இதைக் காலண்டரில் குறித்து வைக்கிற காரியமாக்கிவிட்டோம். ஊர்க்கூட்டம் போட்டுக் கொடைச் செவ்வாயை முடிவு செய்த அன்று மாலையே அண்ணன் மகன் போன் செய்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை கிடைக்க வேண்டுமென்றால் திறந்த அன்று காலையிலேயே உட்கார வேண்டும். ஒரு நாள் தள்ளினால்கூடக் காத்திருப்புப் பட்டியல்தான். இரண்டு டிக்கெட், போக ஒரு தேதி. திரும்புகிற தேதி மட்டும் ஆச்சியைக் கேட்காமல் போடுவதில்லை.

இந்த ஆண்டு தேதி வந்துவிட்டது. டிக்கெட் எடுத்ததைச் சொன்னதும் ஆச்சி தலையாட்டிவிட்டு வேறு ஒன்றைக் கேட்டாள். வெற்றிலை இடிக்கிற சின்ன உரல் வேண்டுமாம், பித்தளையில், உலக்கையோடு. மேலத்தெருக்காரிக்கு மிச்சமிருந்த இரண்டு பல்லும் போய்விட்டதென்று தகவல் வந்திருக்கிறது. பாத்திரக்கடைக்குக் கூட்டிப் போனேன். நான்கைந்து உரலைக் கையில் எடுத்து எடை பார்த்து, விளிம்பைத் தடவிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். உங்களுக்கும் ஒன்று வாங்கலாமே ஆச்சி, நீங்களும் இடித்துத்தானே போடுகிறீர்கள் என்றேன்.

“ஒண்ணு போதும்டா. அது அங்கதான் கெடக்கும். போறப்ப எனக்கும் சேத்து அவ இடிப்பா.”